மாமன் வீட்டு மார்த்தி

அராம் நாட்டுத் தமஸ்குவில் பிறந்த மார்த்தி, பதினாறு வயதில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவுக்கு வாழ வந்தாள். வந்த முதல் வாரம் முழுக்க அவள் சொன்ன ஒரே குறை தண்ணீரைப் பற்றியது. தமஸ்குவில் வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடும். சமாரியாவில் பாறையைக் குடைந்து தொட்டி வெட்டி, அதில் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கோடை முழுக்க அதையே குடித்தார்கள்.

"குடிச்சா நாக்குக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் கணவனிடம்.

"பழகிடும்" என்றான் இத்ரி. "எனக்கு இப்ப நம்ம ஊர் ஆத்துத் தண்ணி சப்புன்னு இருக்கு."

இத்ரி கம்பளி வியாபாரி. தமஸ்குவில் சாயமேற்றிய கம்பளியையும் போர்வைகளையும் கழுதைகளில் வரவழைத்து, சமாரியாவின் வடக்கு வாசலை ஒட்டிய அராமியர் தெருவில் விற்றான். பதினோரு வீடுகள் மட்டுமே உள்ள தெரு அது. முன்பு ஒரு போரில் அராம் ராஜா ஜெயித்தபோது, தன் வியாபாரிகளுக்கென்று இந்தத் தெருவைக் கேட்டு வாங்கினாராம். அடுத்த போரில் இஸ்ரவேல் ராஜா ஜெயித்து, தன் ஆட்களுக்கு அதேபோலத் தமஸ்குவில் ஒரு தெரு வாங்கிக்கொண்டாராம். ராஜாக்கள் மாறினார்கள், சண்டையும் சமாதானமும் மாறி மாறி வந்தன. தெருக்கள் மட்டும் அப்படியே இருந்தன.

தெரு முனையில் வாசல் காவலன் கேராவின் வீடு. அவன் இஸ்ரவேலன். மனைவி ஒக்லா. மார்த்தியின் கொல்லைக்கும் ஒக்லாவின் கொல்லைக்கும் நடுவே ஒரே ரொட்டி அடுப்பு. களிமண்ணால் செய்து மண்ணில் பாதி புதைத்த அடுப்பு. ஒரு வீட்டு விறகில் இரண்டு வீட்டு ரொட்டியும் வெந்தது. மார்த்தி பேசிய பாஷைக்கும் ஒக்லாவின் பாஷைக்கும் தூரம் அதிகமில்லை. வீடு, தண்ணீர், கை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மகன் என்றும் மகள் என்றும் சொல்லும்போதுதான் நாக்கு வேறு பக்கம் புரண்டது. அவள் அந்தச் சொல்லைச் சொன்னாலே ஒக்லா சிரிப்பாள்.

"என்னடி, தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி சொல்றே?"

"உங்களுக்குத்தான் சொல்லு பாதியில அறுந்து விழுது அக்கா. நாங்க முழுசாச் சொல்றோம்."

கேரா வேறு மாதிரி வம்புக்கு இழுப்பான். இஸ்ரவேலரின் முப்பாட்டன் ஒருவன் அராம் நாட்டுக்கு ஓடிப்போய், அங்கே தாய்மாமன் வீட்டில் ஆடு மேய்த்து, மாமன் பெண்கள் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு திரும்பினான் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அதனால் கேராவுக்கு இத்ரி எப்போதும் மச்சான்தான், மார்த்தி தங்கச்சி.

"பதினாலு வருஷம் எங்க பாட்டனை ஆடு மேய்க்க வச்சான்யா உங்க மாமன்" என்பான் கேரா, கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு.

"ரெண்டு பொண்ணு குடுத்தாரே, அதைச் சொல்ல மாட்டேங்கறீங்களே."

"ஒருத்தியைக் காட்டிட்டு முக்காடு போட்டு இன்னொருத்தியை அனுப்பினதையும் சேத்துச் சொல்லவா மச்சான்? அதனாலதான் நீ கம்பளியை விரிச்சுக் காட்டாம நான் தொடறதில்ல."

தெருவே சிரிக்கும். போர்வையை உதறி இரண்டு பக்கமும் காட்டுவான் இத்ரி.

மார்த்திக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த நனா தங்கினாள். ஒக்லாவுக்குப் பிள்ளையே இல்லை. நனா இரண்டு கொல்லைகளிலும் தவழ்ந்து, இரண்டு வீட்டிலும் தின்று, இரண்டு பாஷையும் பேசி வளர்ந்தாள். மார்த்தி அம்மா, ஒக்லா அத்தை. அத்தை வீட்டு மாடியில் காய்கிற அத்திப்பழத்துக்கு எறும்பைவிட நனாதான் பெரிய எதிரி.

வருஷத்துக்கு ஒருமுறை மார்த்தியின் தம்பி நூரி கம்பளிக் கழுதைகளோடு வருவான். ஒக்லா சமைக்கும் சிவப்புப் பருப்புக் கூழ் அவனுக்கு உயிர். "எங்க அக்கா கையில இது வராது, நீங்களே ஊத்துங்க அக்கா" என்று கிண்ணத்தை நீட்டுவான். நனாவுக்கு ஐந்து வயதான வருஷம் அவன் வரவில்லை. அராம் ராஜாவின் ஆட்கள் ஊர் ஊராக வாலிபர்களைப் பிடிக்கிறார்கள், நூரியின் கையிலும் ஈட்டி கொடுத்துவிட்டார்கள் என்று வேறொரு கழுதைக்காரன் வந்து சொன்னான்.

"எங்கயோ வடக்கே சண்டையா இருக்கும்" என்றான் இத்ரி. அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை.

திராட்சை அறுவடை முடிந்த கையோடு அராமியப் படை சமாரியாவைச் சுற்றி வளைத்தது. மலையடிவாரம் முழுக்க அவர்கள் கூடாரங்கள். சுற்றிலும் பள்ளம் வெட்டி, எந்தப் பாதையிலும் ஆள் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் அடைத்தார்கள்.

முதல் மாதம் தெருக்காரர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆண்களை மதிலுக்குக் கல் சுமக்கக் கூப்பிட்டார்கள், போனார்கள். இரண்டாம் மாதம் தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போன அராமியப் பெண்களை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். மூன்றாம் மாதம், மழை வரவேண்டிய நாளில் வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தபோது, அந்த வரிசைக்கே வரக்கூடாது என்றார்கள். ஒக்லாதான் தன் குடத்தில் பாதியைக் கொல்லை வழியாக ஊற்றினாள்.

இத்ரியை மதில்மேல் நிறுத்தினார்கள். படைத்தலைவன் ஊசா அவன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அவன் அராமிய பாஷையில் கீழே பார்த்துக் கத்தவேண்டும். ஊருக்குள் மூன்று வருஷத்துக்குத் தானியம் இருக்கிறது, தொட்டிகள் நிரம்பி வழிகின்றன, வீடு போய்ச் சேருங்கள் என்று. காய்ந்த உதட்டோடு அவன் அதைக் கத்துவான். கீழேயிருந்து பதில் வரும்.

"தொட்டி வழியுதுன்னா முகத்தைக் கழுவிட்டு வந்து பேசுடா!"

நான்காம் நாள் அந்தச் சிரிப்புக்கு நடுவே இத்ரி மைத்துனனைப் பார்த்துவிட்டான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஈட்டியை ஊன்றிக்கொண்டு, சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் நூரி. இவனை அவனும் பார்த்தான். இருவரும் கையசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியின் காதில் மட்டும் சொன்னான்.

"நல்லா இருக்கானா?"

"இளைக்கல."

அவ்வளவுதான் பேசினார்கள். வெளியே தெரிந்தால் ஒற்றன் என்று சொல்லக் கண நேரம் ஆகாது.

ஆனால் அதைச் சொல்ல ஊருக்குக் காரணமே தேவைப்படவில்லை. ஐந்தாம் மாதம் கழுதைகளை அறுத்துத் தின்று முடித்திருந்தார்கள். ஊர் வாசலில் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் மூப்பர்கள் கூடி, அராமியர் தெருவில் இருக்கிற முப்பத்துமூன்று வாய்களையும் வெளியே அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். அவர்கள் ஆட்கள்தானே வெளியே இருக்கிறார்கள், போய்ச் சாப்பிடட்டும் என்றார்கள். காலையில் சொல்லிவிட்டு, நடுப்பகலுக்குள் கிளம்பச் சொன்னார்கள்.

கேட்டதும் மார்த்திக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்தப் பக்கம் தம்பி இருக்கிறான். ரொட்டி இருக்கிறது. அவள் நனாவுக்குச் செருப்பைக் கட்டிவிட உட்கார்ந்தாள். இத்ரி அவள் கையைப் பிடித்தான்.

"அதைக் கட்டாதே."

"ஏன்?"

"போன மாசம் தெற்கு வாசல்ல ஒரு குடும்பம் வெளிய போச்சு. மதில்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பள்ளத்துகிட்ட போகவிடாம அம்பு விட்டாங்க. ஊருக்குள்ள தின்னுற வாய் குறையக் கூடாதுன்னு அவங்க தலைவனோட உத்தரவு. இவங்களும் திரும்பக் கதவைத் திறக்கல."

"அப்புறம்?"

இத்ரி நனாவைப் பார்த்தான். செருப்பு வார் அவள் விரலிலிருந்து நழுவியது.

கொல்லைச் சுவருக்கு மேலே ஒக்லாவின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பிள்ளையை எங்கிட்ட குடுடி" என்றாள். "என் பங்கை அவளுக்குக் குடுக்கறேன். எப்படியாவது வச்சுக்கறேன். இதெல்லாம் முடிஞ்சதும் நீ வந்து வாங்கிக்க."

"ஒளிச்சு வைக்க முடியுமா அக்கா? வீடு வீடா பாப்பாங்களே."

"உங்க அண்ணன் வாசல்லதான் நிக்கறாரு. பேசிக்கலாம்."

அப்படிப் பேசிக்கொண்டதோடு சரி. யோசிக்க நேரமில்லை.

வடக்கு வாசலில் தெருக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கதவைத் திறக்கவேண்டியவன் கேரா. அவன் தாழ்ப்பாள் மரத்தின்மேல் கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்ரி அருகில் வந்தபோது மட்டும் நிமிர்ந்தான்.

"மச்சான், என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும்" என்றான் இத்ரி.

ஊசா வரிசையை எண்ணிக்கொண்டே வந்தவன், ஒக்லாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த நனாவைப் பார்த்து நின்றான்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"என் பொண்ணு" என்றான் கேரா.

"உனக்குப் பிள்ளை இல்லன்னு ஊருக்கே தெரியும்யா."

கேரா தாழ்ப்பாளை விட்டுவிட்டு வந்தான். தன் மேலாடையின் ஓரத்தை எடுத்து நனாவின் தலைமேல் போட்டான்.

"இப்ப இருக்கு. எங்க சாமி யாவே மேல ஆணை. இன்னையிலேர்ந்து இவ என் பொண்ணு. என் வீட்டைத் தவிர இவளுக்கு வேற வீடு இல்ல, என் ஜனத்தைத் தவிர வேற ஜனம் இல்ல."

வாசல் மூப்பர் ஷெமர்யா கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஐந்து மாதப் பட்டினியில் அவர் கழுத்தும் கயிறாகத்தான் இருந்தது.

"பெத்தவ சொல்லணும்" என்றார். "அப்பதான் செல்லும்."

எல்லோரும் மார்த்தியைப் பார்த்தார்கள். நனாவும் பார்த்தாள்.

"என்னன்னு சொல்லணும் ஐயா?"

"இவ என் பொண்ணு இல்ல, கேராவோட பொண்ணுன்னு சொல்லு. மூணு தடவை."

மார்த்தி சொன்னாள். முதல் தடவை தன் பாஷையில் சொல்லிவிட்டாள். செல்லாது, எங்கள் பாஷையில் சொல் என்றார்கள். ஒக்லா சிரிக்கிற அந்தச் சொல்லை, தொண்டையில் முள் இல்லாமல், பாதியில் அறுத்து, மூன்று முறை சொன்னாள். நனா அழவில்லை. இது பெரியவர்கள் விளையாட்டு, தப்பாக ஏதாவது செய்தால் எல்லோருக்கும் அடி விழும் என்பதுபோல விறைத்து நின்றாள். கேரா கதவைத் திறந்தான்.

இத்ரி சொன்னதுதான் நடந்தது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, பள்ளத்துக்கு நூறடி இருக்கும்போதே முதல் அம்பு காலடியில் குத்தியது.

"நாங்க நம்ம ஆளுங்க! தமஸ்கு ஆளுங்க!" என்று தெருவில் மூத்தவர் கத்தினார்.

"தெரியும். திரும்பிப் போங்க" என்று பதில் வந்தது. அவர்கள் பாஷையிலேயே, தமஸ்கு உச்சரிப்பிலேயே வந்தது.

திரும்பி நடந்தார்கள். வடக்கு வாசல் மூடியிருந்தது. மதில்மேல் கேராவைக் காணோம், அவனை வேறு வாசலுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த முப்பத்திரண்டு பேரும் மதிலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகளுக்கிடையே கிடந்தார்கள். கொடியின் வேரைத் தோண்டி மென்றார்கள். பாறையிடுக்கில் முளைத்த கீரையைப் பிடுங்கித் தின்றார்கள். மழை கடைசியில் வந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைத்தது, படுக்கக் காய்ந்த இடம் இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு நாளும் ஒருவரோ இருவரோ எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் நூரி அவர்களைக் கண்டுபிடித்தான். காவல் மாறும் வேளையில் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றான்.

"அக்கா!"

மார்த்தி கல்வரப்பின் பின்னாலிருந்து எழுந்தாள்.

"நனா எங்கக்கா?"

"உள்ள இருக்கா. ஒக்லா அக்காகிட்ட."

"மாமா?"

"இங்கதான். கால் வீங்கியிருக்கு."

"நான் தலைவன்கிட்ட கேட்டேன் அக்கா. கால்ல விழுந்து கேட்டேன். ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும்னு சொல்றான். என்ன செய்யறதுன்னு தெரியலக்கா."

"நீ ஒண்ணும் செய்யாதே. போ, யாராவது பாக்கப் போறாங்க."

அவன் போகவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துச் சுழற்றி எறிந்தான். வறுத்த வாற்கோதுமை. அதை அத்தனை பேரும் பகிர்ந்துகொண்டபோது ஆளுக்குப் பதினைந்து மணி வந்தது. மறுநாளும் எறிந்தான். அதற்கு மறுநாள் எறிந்தது கைக்கு எட்டாமல் பள்ளத்தோரத்தில் விழுந்தது.

இத்ரி எழுந்தான்.

"விடுங்க, வேணாம்" என்றாள் மார்த்தி.

"இங்க கிடந்தாலும் அதே கதிதானே. இரு, வரேன்."

வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவன் போனதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். குனிந்து பையை எடுத்தான். நிமிர்ந்து இவள் பக்கம் திரும்பினானா, நூரியின் பக்கம் திரும்பினானா என்பதை அவளால் பிற்பாடு எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அது தெரிந்திருந்தால், அவன் முதுகில் பாய்ந்த அம்பு மதிலிலிருந்து வந்ததா கூடாரங்களிலிருந்து வந்ததா என்றாவது தெரிந்திருக்கும். நூரி பள்ளத்தில் குதிக்கப் பார்த்தான். இரண்டு பேர் அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

உடலைக் கொண்டுவரப் பகலில் யாரும் போகத் துணியவில்லை. மறுநாள் விடிகிற நேரத்து மூடுபனியில் இரண்டு பேர் ஊர்ந்துபோய் இழுத்துவந்தார்கள். கையில் பை இருந்தது. கல்வரப்பைச் சரித்து அவனை மூடினார்கள். பசியோடு இருந்தவர்கள் அந்தப் பையை மார்த்தியிடம் கேட்கக் கூசினார்கள். அவளே பிரித்துக் கொடுத்தாள். தன் பங்கையும் தின்றாள்.

பதினான்காம் நாள் காலையில் கொம்பு ஊதினார்கள். தாக்கப்போகிறார்கள் என்று நினைத்து எல்லோரும் தரையோடு படுத்துக்கொண்டார்கள். தாக்குதல் வரவில்லை. வடக்கு வாசல் திறந்தது. அராம் பக்கமிருந்து ஈட்டியில் கம்பளித் துணி கட்டிய ஆட்கள் மேலே ஏறினார்கள், ஊரிலிருந்து வெள்ளாடை போட்டவர்கள் கீழே இறங்கினார்கள். வடக்கே அசீரிய ராஜா பெரிய ஆற்றைத் தாண்டிவிட்டானாம். அவனைத் தனித்தனியாக எதிர்த்தால் இரண்டு நாடும் மிஞ்சாதாம். இரண்டு ராஜாக்களும் ஒரே ரதத்தில் ஏறி நின்று ஒருவரையொருவர் சகோதரன் என்று அழைத்துக்கொண்டார்களாம். மதியத்துக்குள் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் அந்தத் திராட்சைத் தோட்டத்திலேயே வட்டமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஒருவன் மார்த்திக்கும் ஒரு துண்டு நீட்டினான். எந்த ஊர்க்காரன் என்று அவள் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு பேரில் பதினாறு பேர் மேலே ஏறினார்கள்.

ஒக்லா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். நனா உயிரோடு இருந்தாள். எலும்புக்குமேல் தோல் மட்டும் இருந்தது, ஆனால் ஓடிவந்தாள். ஒக்லாவைத்தான் அடையாளம் தெரியவில்லை. பல் விழுந்து, முகம் உள்ளே போயிருந்தது. தன் பங்கைக் கொடுக்கிறேன் என்று சொன்னதை அவள் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள்.

மார்த்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையே வாசலுக்கு வரும்படி ஆள் வந்தது.

"பசிக்காகச் சொன்னது ஐயா அது" என்றாள் ஷெமர்யாவிடம். "உசிரைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னது."

"எதுக்காகச் சொன்னாலும் சொன்னது யாவே பேரைத்தானேம்மா."

கேரா முன்னால் வந்தான். "சத்தியம் பண்ணினவன் நான். நானே திருப்பிக் குடுக்கறேன் மூப்பரே. என் வாயாலயே சொல்றேன், இவ அவளோட பொண்ணு."

"திருப்பிக் குடுக்கறதுக்கு அது இரவல் வாங்கின குடமாடா? பேரைச் சொல்லி வாங்கிட்டே. அன்னைக்கு நீ சொன்னதை நம்பித்தான் ஊசா அவளை வெளிய தள்ளாம விட்டான், பங்கு அளந்தவன் பங்கு குடுத்தான். இப்ப இல்லேன்னு சொன்னா அன்னைக்குச் சொன்னது பொய். பொய்ச் சத்தியத்தோட சாபம் யார் தலையில விழும்னு யோசிச்சியா? உன் தலையில விழுந்தாப் பரவாயில்ல. அந்தப் பிள்ளை தலையில விழுந்தா?"

அருகிலிருந்த ஆசாரியரும் தலையசைத்தார். கேரா ஓரடி பின்வாங்கினான்.

மார்த்தி தமஸ்குவின் சாமி ஹதாத்தைக் கும்பிடுகிறவள். இவர்களுடைய சாமிக்கு அவள் பயந்து வளர்ந்தவள் இல்லை. ஆனால் அவரவர் மண்ணில் அவரவர் சாமிக்குத்தான் பலம் என்பது அவள் கேட்டு வளர்ந்த விஷயம். இது அந்த சாமியின் மண். இரண்டு பிள்ளைகளை இந்த மண்ணில்தான் புதைத்திருக்கிறாள். அவள் இடுப்பிலிருந்து நனாவை இறக்கிவிட்டாள்.

ஒரு கதவைக்கூட அவள் தட்டாமல் விடவில்லை. ஒப்பந்தம் பேச வந்திருந்த அராம் தூதரிடம் போய் மன்றாடினாள். அவர் கேட்டுவிட்டு, "இப்பத்தான் ரெண்டு ராஜாவும் கை குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணுக்காக அவங்க சாமி பேரை நான் இழுக்கணுமா?" என்றார். "உங்க தெருவைத் திரும்ப வாங்கிக் குடுத்திருக்கோம். சந்தோஷப்படும்மா."

நூரி வேறு வழி சொன்னான். வடக்கே புறப்படும் படையில் அவனும் இருந்தான். கிளம்புவதற்கு முதல் நாள், முதுகில் சவுக்கடித் தழும்புகளோடு வந்து உட்கார்ந்தான்.

"தூக்கிட்டுப் போயிடலாம் அக்கா. எங்க கழுதைக் கூட்டத்தோட அனுப்பிடறேன். தமஸ்கு போயிட்டா இவங்க சாமி அங்க வராது."

"காலையில பிள்ளையைக் காணோம்னா யாரைப் பிடிப்பாங்க?"

நூரி கொல்லைச் சுவரைப் பார்த்தான்.

"கேரா அண்ணனைத்தான் பிடிப்பாங்க. சத்தியம் பண்ணி ஏமாத்தினான்னு கல்லெறிவாங்க. அந்த அக்கா பல்லு போய்க் கிடக்கு பாத்தியா? என் பிள்ளைக்குக் குடுத்துட்டுத்தான் போச்சு. எந்த முகத்தோட தூக்கிட்டுப் போவேன்?"

நூரியும் கேராவும் ஒரே படையில் வடக்கே போனார்கள். கேரா மட்டும் திரும்பினான். வழியில் காய்ச்சல் கண்டு நூரி இறந்துபோனான் என்றும், சண்டை நடந்த இடத்தை அவன் பார்க்கவே இல்லை என்றும் சொன்னான். புதைத்தவன் தான்தான் என்பதை மூன்று நாள் கழித்துச் சொன்னான்.

தெரு திரும்பக் கிடைத்தது, ஆனால் புது வியாபாரிகளுக்கு. இத்ரியின் கடைக்குத் தமஸ்குவிலிருந்து ஒருவன் வந்தான். அவனுக்குத் தறியில் நெய்து கொடுத்து, பின்கட்டில் ஓர் அறையில் மார்த்தி இருந்துகொண்டாள். ஊருக்குத் திரும்பு என்று சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். போகவில்லை. இங்கே கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்ணின் குரல் கேட்டது.

ஒக்லா எதையும் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. தினமும் நனாவை அடுப்படிக்கு அனுப்புவாள். தலை வார மார்த்தியிடம்தான் விடுவாள். ஆனால் வாசல் மூப்பர்கள் கண் இருந்தது, தெருவில் புது ஆட்கள் இருந்தார்கள். நனாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கேராவை அப்பா என்று கூப்பிடணும், ஒக்லாவை அம்மா, மார்த்தியை அத்தை. குழந்தை புத்திசாலி. தெருவில் ஒரு தடவைகூட வாய் தவறவில்லை. அடுப்படியில் யாரும் இல்லாதபோது மட்டும் மார்த்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் பாஷையில், அம்மா என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக மார்த்தி நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தாள்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. இரண்டாவது வருஷம் அது வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. மூன்றாவது வருஷம், கோடையில் ஒரு பகல், தொட்டியில் தண்ணீர் மொள்ள இருவரும் போனார்கள். சுற்றிலும் ஆளில்லை. மார்த்தி குடத்தை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். நனா படியில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் இங்க பாரேன், உள்ள இருக்கா?"

மார்த்தி குனிந்து பார்த்தாள். முள் சின்னதுதான். எடுத்துப் போட்டாள். யாருமில்லை இங்கே, என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. சொல்லி வாங்குகிற சொல் இல்லை அது.

வீட்டுக்கு வந்ததும் ஒக்லா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"மறந்துட்டாளா?"

மார்த்தி மாவைப் பிசைந்தாள். ஒக்லா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். மார்த்தி மாவுக் கையோடு போய் அவளைத் தேற்றினாள்.

நனாவைப் பதினைந்தாவது வயதில் வடக்கே யெஸ்ரயேல் சமவெளியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கேரா தந்தையாக நின்று கொடுத்தான். ஒக்லா அழைத்ததால் மார்த்தியும் போனாள். பெண்கள் ஒவ்வொருவராக மணப்பெண் தலையில் எண்ணெய் தொட்டு வைக்கும்போது அண்டை வீட்டார் வரிசையில் நின்று அவளும் வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தி, "இது யாரு, பேச்சு ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "எங்க அத்தை" என்றாள் நனா.

அடுத்த ஆண்டு கீலேயாத் எல்லையில் ஒரு கோட்டைக்காக இரண்டு சகோதர ராஜாக்களுக்கும் மறுபடி சண்டை மூண்டது. இந்தத் தடவை தெருக்காரர்களுக்குப் பத்து நாள் தவணை கொடுத்தார்கள், போய்விடச் சொல்லி. மார்த்தி தறியைக் கழற்றினாள். யெஸ்ரயேலுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை. சொல்லியனுப்பினாலும் எந்த உரிமையில் வரச் சொல்வது? நனாவின் புருஷனை அதற்குள் படைக்கு எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அவன் அராமியரோடுதான் மோதவேண்டும்.

ஒக்லா வாசல்வரை வந்தாள். கேரா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அவ வந்து கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றாள்.

கழுதைக்காரன் அவசரப்படுத்தினான்.

"நல்லாத்தான் போனேன்னு சொல்லுங்க அக்கா."

தமஸ்குவில் அவள் இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தாள். இறந்துபோன நூரியின் மனைவி வீட்டில், கம்பளி சிக்கெடுத்துக்கொண்டு. சமாதானம் வந்த வருஷங்களில் இஸ்ரவேலர் தெருவுக்குப் போய், தெற்கிலிருந்து வந்த வியாபாரிகளிடம் யெஸ்ரயேல் பக்கம் யாராவது உண்டா என்று விசாரிப்பாள். பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். ஒருமுறை எண்ணெய் கொண்டுவந்த ஒருவன் அந்தக் குடும்பத்தைத் தெரியும் என்றான்.

"மருமக நல்லா இருக்கா. மூணு பிள்ளைங்க. புருஷனுக்குத்தான் சண்டையில ஒரு கண்ணு போச்சு" என்றான். "நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு" என்றாள் மார்த்தி.

மூன்று பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.